செய்முறைத் தாள் தேவைப்படாத சமையலறை

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்த பிறகு சமையல் விஷயத்தில் உருப்படியாக ஒன்றும் நடக்கவில்லை. அதற்கு அடுத்தபடியாக நடந்திருக்கும் ஒரே முன்னேற்றம், செய்முறைத் தாள் இல்லாமல் மாட்டக்கூடிய சமையலறை. இதை உலகம் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தற்சமயம் ஒத்துக்கொண்டிருப்பவர் ஒருவர்தான். அவர் என் அத்தான். கண்டுபிடித்தவரும் அவரே என்பதால் கருத்தில் கொஞ்சம் பாரபட்சம் இருக்கிறது என்று சிலர் சொல்லலாம். அந்தச் சிலர் என் அக்கா.

சாமான்களைத் தட்டையான அட்டைப்பெட்டியில் அடைத்து அனுப்பி, வாங்கியவர்களையே மாட்டிக்கொள்ளச் சொல்லும் கம்பெனி ஒன்றில் அத்தான் வடிவமைப்பாளர். பல வருஷமாக அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை செருப்பு அலமாரி. மூன்று தட்டு, ஐந்து தட்டு, கதவுக்குப் பின்னால் தொங்குவது, உட்கார்ந்து செருப்பு மாட்டிக்கொள்ள மேலே மெத்தை வைத்தது. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருடைய செருப்புகள் அத்தான் வரைந்த தட்டுகளில்தான் படுத்துத் தூங்குகின்றன. அந்த நன்றி ஒரு செருப்புக்கும் கிடையாது.

இந்த வருஷம் கம்பெனி வீட்டுக்கு வெளியே வைக்கிற சமையலறை ஒன்று செய்யலாம் என்று முடிவு செய்தது. மொட்டை மாடியிலோ தோட்டத்திலோ வைத்துக்கொள்ள ஓர் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, இழுப்பறை, காய் நறுக்க இடம். வெயிலில் வெளுக்காமல், மழையில் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும். அத்தான் அதில் போய் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவே இல்லை.

அட்டைப்பெட்டியின் அகலத்தை முடிவு செய்வதற்காக, போன வீடுகளில் எல்லாம் மாடிப்படித் திருப்பத்தை அளந்தார். துக்கம் விசாரிக்கப் போன வீட்டிலும் அளந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். இறந்தவரின் மகன் எங்களைப் பார்த்து, சவப்பெட்டிக்காக அளக்கிறோம் என்று எண்ணிக்கொண்டு, அதெல்லாம் முன்னமே சொல்லியாகிவிட்டது என்றார். அத்தான் நன்றி சொல்லி, திருப்பம் தாராளமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வந்தார்.

சமையலறையின் சூட்சுமம் இதுதான். பலகைகள் எல்லாம் ஒரே அளவு. இடது கிடையாது, வலது கிடையாது, இது முதலில் அது பிறகு என்பது கிடையாது. ஒன்றின் கொக்கியை மற்றொன்றின் துவாரத்தில் விட்டு உள்ளங்கையால் தட்டினால் ‘டக்’ என்று பூட்டிக்கொள்ளும். திருகாணி இல்லை, ஸ்பேனர் இல்லை. அந்த ‘டக்’குக்காக மட்டும் ஏழெட்டு வகை ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தார். சாப்பாட்டு மேசையில் ஒரு கையில் சாப்பிட்டுக்கொண்டே மறு கையில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருப்பார். இன்னொரு டக் கேட்டால் தட்டை எடுத்துவிடுவேன் என்று அக்கா சொன்ன பிறகு, மேசைக்கு அடியில் வைத்துத் தட்டினார்.

ஆக, தாள் தேவையில்லை. இதைச் சொல்லும்போது அத்தான் எழுந்து நின்றுவிடுவார். கதவைத் திறக்கத் தாள் வைத்தானா? நாற்காலியில் உட்காரத் தாள் வைத்தானா? தாள் வைத்தவன் தோற்றவன். பொருள் பேச வேண்டும்; பொருளுக்குப் பேசத் தெரியாதபோதுதான் தாள் பேசுகிறது. அக்கா புது மிக்ஸி வாங்கினால் முதலில் அதனோடு வந்த சின்னப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படிப்பாள். அப்போதெல்லாம் அத்தான் பக்கத்தில் உட்கார்ந்து, “கதாநாயகன் வந்துட்டானா? யார் கொலை பண்ணினதுன்னு தெரிஞ்சுதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவர் மட்டும் துணி துவைக்கும் இயந்திரத்தை வாங்கிய நாளிலிருந்து ஒரே பொத்தானில் ஓட்டிக்கொண்டிருக்கிறார். அது கம்பளிக்கானது என்று அக்கா படித்துச் சொன்னதற்கு, துணிக்கு அதெல்லாம் தெரியாது என்றார்.

கம்பெனியில் அவருக்குப் போட்டியாக இன்னொருவரும் சமையலறை வரைந்திருந்தார். அந்தப் பெண்ணின் பெயரை அத்தான் சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ‘முப்பது பக்கம்’ என்றுதான் சொல்வார். அந்தப் பெண்ணின் சமையலறையோடு வரும் கையேடு அவ்வளவு நீளம். அதை வாங்குகிறவர்கள் சமைப்பதற்கு முன்னால் பரீட்சை எழுத வேண்டும் என்பது அத்தானின் கணிப்பு.

இரண்டில் எதைச் செய்வது என்று கம்பெனி முதலாளியம்மாதான் தீர்மானிக்க வேண்டும். மேடம் அதிகம் பேசாதவர். அத்தானின் வரைபடங்களை எல்லாம் பார்த்துவிட்டு ஒரே ஒரு சோதனை வைத்தார். கம்பெனிக்குச் சம்பந்தமில்லாத, அறுபது வயதைத் தாண்டிய, இந்தச் சாமானை முன்பின் பார்த்திராத ஒருவர் இதைத் தனியாக மாட்டி முடித்து, மேடம் எதிரில் வந்து உட்கார வேண்டும். அதுவரை அத்தான் வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் முப்பது பக்கம் ஜெயித்தது. அத்தான் மறுபடி செருப்பு அலமாரிக்குப் போகலாம். அந்த மேசை இன்னும் காலியாகத்தான் இருக்கிறது என்றும் மேடம் ஒரு தகவலாகச் சொல்லிவைத்தார்.

அத்தான் அன்று சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவைக் கேட்டார்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்தி ஓய்வு பெற்றவர். ஆயிரக்கணக்கான பேரை ரோட்டில் இறக்கிவிட்டவர். வாழ்நாளில் யாரிடமும் வழி கேட்டதில்லை. ஒருமுறை கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய், சாப்பிட்டு, மொய்யும் எழுதிவிட்டுத் திரும்பினோம். மாப்பிள்ளை பெண் இருவரையும் எங்களுக்குத் தெரியாது என்பது வீட்டுக்கு வந்த பிறகு அம்மாவுக்கு வந்த தொலைபேசியில் தெரிந்தது. சாப்பாடு நன்றாக இருந்தது, வழி சரிதான் என்று அப்பா சொல்லிவிட்டார். இன்றைக்கும் அந்தக் குடும்பம் எங்களை விசேஷங்களுக்குக் கூப்பிடுகிறது.

தாள் வேண்டாம் என்கிற மாப்பிள்ளைக்கு வழி கேட்காத மாமனார். அத்தான் கண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் தெரியவில்லை. எனக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் என்னிடம் யாரும் கேட்கவில்லை. படமெடு என்று மட்டும் சொன்னார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் வீட்டு மொட்டை மாடி. நான்கு அட்டைப்பெட்டிகளும் படித் திருப்பத்தில் உரசாமல் ஏறி வந்தன. அத்தான் அதைப் பார்த்துக் கண் கலங்கினார். மேடம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இன்னொரு நாற்காலியை அப்பாவுக்காகப் போட்டுவைத்தார். அக்கா தண்ணீர்ப் பாட்டிலோடு நிழலில் நின்றாள். அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒரு புது மாணவனை எடைபோடுவதுபோல பெட்டிகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். முட்டி மடங்காத நடை. சில வருஷமாகவே அவருக்கு முட்டி மடங்குவதில்லை; கீழே விழுந்த பேனாவைக்கூட என்னை எடுக்கச் சொல்லிவிட்டு, நான் எடுக்கும்வரை அது தன்னுடையது இல்லை என்பதுபோல வேறு எங்காவது பார்ப்பார்.

நிமிர்த்தி வைத்த பெட்டியிலிருந்து முதல் பலகையை அவர் உருவியதுமே அத்தானின் புருவம் மேலே ஏறியது. இரண்டாவதை எடுத்ததும் தாடை இடப் பக்கமாக ஆட ஆரம்பித்தது. மேடம் அதைக் கவனித்துவிட்டார். வாயைத் திறக்கக் கூடாது என்றால் முகத்தையும்தான் என்று சொல்லி, அத்தானின் நாற்காலியைத் திருப்பி, தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க உட்கார வைத்தார். அன்று நடந்த எல்லாவற்றுக்கும் அந்த நாற்காலிதான் காரணம் என்று அத்தான் பிற்பாடு சொன்னார். நாற்காலியோ யார் உட்கார்ந்தாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது.

டக்.

அத்தானின் தோள் ஓர் அங்குலம் உயர்ந்தது.

டக். டக்.

அப்பா தடுமாறவே இல்லை. எந்தப் பலகையை எடுத்தாலும் எந்தப் பலகையோடும் பொருந்தியது. ஒரு பெட்டகம் எழுந்தது, இடுப்பு உயரத்துக்கு. மேலே கல் பலகை உட்கார்ந்தது. அப்பா அதை வலப் பக்கம் நிறுத்தினார். அடுத்ததை முன்னால். அதற்கடுத்ததை இடப் பக்கம். பின்னால் கொஞ்சம் வெற்றிடம் இருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. நான்காவதை இழுத்து அங்கே வைத்தார். எங்கே வைத்தாலும் கொக்கி அதற்கான துவாரத்தைத் தானே தேடிக்கொண்டது. நடுவில் இரண்டு முறை தண்ணீர் கேட்டார். அக்கா நீட்டினாள். ஒரு பாட்டில் தண்ணீரை முழுக்கக் குடித்தார். அது அப்போது ஒரு முக்கியமான செய்தியாக யாருக்கும் படவில்லை.

தண்ணீர்த் தொட்டியைப் பார்த்து உட்கார்ந்திருந்த அத்தான் ஒவ்வொரு டக்குக்கும் தலையை லேசாக ஆட்டி, கச்சேரி கேட்பதுபோல ரசித்துக்கொண்டிருந்தார். ஒரு டக்கும் பிசகவில்லை. ஒரு தடவைகூட அப்பா ‘இதென்னடா’ என்று முணுமுணுக்கவில்லை. கடைசி டக் விழுந்தது. ஒரு பலகையோ ஒரு கொக்கியோ மிச்சம் இல்லை.

“முடிஞ்சுது மாப்பிள்ளை,” என்றார் அப்பா.

அத்தான் நாற்காலியோடு திரும்பினார்.

சமையலறை நின்றது. அசையாமல், இடைவெளி இல்லாமல், கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி நின்றது. நாலாபக்கமும் மூடிய சதுரமாக நின்றது. சதுரத்தின் நடுவில் அப்பா நின்றார்.

வழவழப்பான முகப்புகள் எல்லாம் வெளிப்பக்கம் பார்த்தன. அடுப்பின் திருகுகளும் வெளிப்பக்கம்தான். உள்ளே நின்று சமைக்கிறவர் தீயைக் குறைக்க வேண்டுமென்றால் கல் பலகையின் மேல் குப்புறப் படுத்து எட்ட வேண்டும். சுவரோடு சேர்த்து ஒரே வரிசையாக வைக்க வேண்டிய சாமான் அது.

அத்தானின் வாய் திறந்தது. மேடம் அவரைப் பார்த்தார். வாய் மூடியது.

அப்பா மட்டும் நிறைவாக இருந்தார். ஓட்டுநருக்கு எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்க வேண்டும், அந்த விதத்தில் மாப்பிள்ளை நன்றாக யோசித்திருக்கிறார் என்று மேடத்திடம் எடுத்துச் சொன்னார். வலது கையில் தொட்டி, இடது கையில் இழுப்பறை, திரும்பினால் அடுப்பு. அக்கா மெல்ல, தீ வெளிப்பக்கம் இருக்கிறதே என்றாள். வந்த விருந்தாளியும் ஒரு கை கொடுக்கலாமே என்றார் அப்பா.

மேடம் எதிரில் கிடந்த காலி நாற்காலியைக் காட்டி, “சார், எப்படி வெளியே வருவீங்க?” என்று கேட்டார்.

“வர்றது கிடக்கட்டும்மா. முதல்ல சமைக்கணும்ல?”

மேடம் அதையும் ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். சோதனை இன்னும் முடியவில்லை என்று அதற்கு அர்த்தம்.

வெளியே வர வழி இருந்தது. அது எங்கே இருக்கிறது என்று உலகத்தில் ஒருவருக்குத்தான் தெரியும். பூட்டை விடுவிக்கும் பொத்தான்களை அத்தான் ஒவ்வொரு பெட்டகத்தின் முதுகிலும், தரையை ஒட்டி, கண்ணில் படாமல் வைத்திருந்தார். கண்ணில் பட்டால் அழகு கெட்டுவிடும். இப்போது முதுகுகள் நான்கும் உள்ளே இருந்தன. வெளியிலிருந்து கல் பலகைக்கு மேலே கையை விட்டால் பொத்தான்வரை எட்டாது. உள்ளேயிருந்து எட்ட வேண்டுமானால் முட்டியை மடக்க வேண்டும்.

நேரம் போனது. வெயில் ஏறியது. அப்பா கல் பலகையைத் தடவிப் பார்த்தார். பிறகு ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறினார். பிறகு மறு காலிலிருந்து இந்தக் காலுக்கு. குடித்த தண்ணீர் அதன் வேலையைப் பார்க்கத் தொடங்கியிருந்தது. அக்கா முதலில் அப்பாவைப் பார்த்தாள், அடுத்து அத்தானைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் படமெடுக்கவில்லை, கைப்பேசிக்கு ஆகாது.

அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். அவர் கண் ஒருமுறை அந்தப் பளபளக்கும் முகப்புக்குப் போகும், ஒருமுறை மாமனாரின் காலுக்குப் போகும். ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையைச் சொன்னால் ஸ்பிரிங், மாடிப்படி, துக்க வீடு எல்லாம் போயிற்று. நாளைக் காலையில் நான்கு தட்டா ஐந்து தட்டா என்று யோசித்துக்கொண்டு அந்தக் காலி மேசையில் உட்கார வேண்டும்.

அப்பா தொண்டையைச் செருமினார். கொஞ்சம் சிரித்தார். அப்படிச் சிரித்து நான் அவரைப் பார்த்ததே இல்லை.

“மாப்பிள்ளை, ஒண்ணும் அவசரம் இல்ல, சும்மா கேக்கிறேன். இதுல வெளிய போற வழியை எந்தப் பக்கம் வெச்சிருக்கீங்க?”

எங்கள் குடும்ப வரலாற்றில் அவர் வழி கேட்டது அதுதான் முதல் தடவை. அக்கா பாட்டிலைக் கீழே வைத்தாள்.

அத்தான் எழுந்துவிட்டார். “நகராதீங்க மாமா, நான் வரேன்,” என்றார். வாயைத் திறந்தது மட்டும் இல்லாமல் ஓடிவந்து அடுப்புப் பெட்டகத்தின் மேல் காலை வைத்து ஏறினார். அத்தான் ஒல்லியான மனிதர் அல்ல. எல்லோரும் கண்ணை இறுக்கிக்கொண்டோம். ஒன்றும் முறியவில்லை, கிறீச்சிடக்கூட இல்லை. கல் பலகையின் மேல் ஒரு கணம் நின்றார். அப்புறம் உள்ளே குதித்தார்.

ஒருவருக்கென்று அளந்த இடத்தில் இருவர் நின்றால் எப்படி இருக்கும் என்பதை அத்தானின் வரைபடங்கள் எதிர்பார்க்கவில்லை. இரண்டு பேரும் வயிற்றோடு வயிறு முட்டிக்கொண்டு, நெரிசலான லிஃப்டில் தெரியாதவர்கள் நிற்பதுபோல ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். அத்தான் குனிய முயன்றார். தலை அப்பாவின் வயிற்றில் இடித்தது. குனிய வேண்டாம், அதை அழுத்தவும் வேண்டாம், இப்போது எதையுமே அழுத்த வேண்டாம் என்று அப்பா கேட்டுக்கொண்டார். கடைசியில் அப்பா கல் பலகையின் மேல் மல்லாந்து சாய, அத்தான் அவர் கால்களுக்கு நடுவே புகுந்து தரையைத் தடவினார். பொத்தான் கிடைத்தது. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்து அழுத்தினார்.

டக்.

தொட்டிப் பெட்டகம் கதவுபோல விலகியது. அப்பா வெளியே வந்தார். நடந்து வந்தார் என்று சொல்ல முடியாது. மேடத்தின் எதிரிலிருந்த நாற்காலியைத் தாண்டி, படிக்கட்டைத் தாண்டி, கீழே எங்கேயோ ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

அத்தான் சமையலறைக்குள்ளேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். முட்டியைக் கட்டிக்கொண்டு, தோற்றவனுக்கு வெளியே என்ன வேலை என்பதுபோல உட்கார்ந்திருந்தார். மேடம் எழுந்து வந்து, கல் பலகையைக் கையால் ஆட்டிப் பார்த்தார். மறுபடி ஆட்டிப் பார்த்தார்.

“ஏறி நின்னீங்களே, ஆடலையே.”

அத்தான் பதில் சொல்லவில்லை. பேசக் கூடாது என்பது இன்னும் ஞாபகத்தில் இருந்தது போலிருக்கிறது.

மேடம் சொன்னதன் சாரம் இது. அப்பா எதையும் தப்பாக மாட்டவில்லை. எல்லாவற்றையும் சரியாகத்தான் மாட்டினார், உள்ளே நின்று மாட்டிவிட்டார், அவ்வளவுதான். முப்பது பக்கத்தின் சமையலறையையும் இதேபோல ஒருவர் மாட்டிப் பார்த்தார். மூன்று நாள் கழித்துத் திருகாணி ஒன்று குறைகிறது என்று எழுதிப் போட்டார். அது அவர் சட்டைப் பையில் இருந்தது. ஆகவே வாயைத் திறந்ததை மன்னித்து இதையே செய்யலாம். அத்தான் மெல்லத் தலையை நிமிர்த்தினார். ஆனால் ஒரு தாள் வேண்டும் என்றார் மேடம். ஒரே ஒரு பக்கம் போதும்.

அத்தானுக்கு உயிரும் மானமும் ஒரே நேரத்தில் திரும்பி வந்தன. தாள் வேண்டாம், கொக்கியை மாற்றிவிடுகிறேன், தப்பான பக்கம் போனால் பூட்டவே பூட்டாது, ஆறு மாதம் கொடுங்கள் என்றார். கொடுக்கலாமே, அந்த ஆறு மாதமும் செருப்பு அலமாரியில் வேலை இருக்கிறது என்றார் மேடம். எழுதத் தெரியாது என்றால் சொல்லுங்கள், முப்பது பக்கத்தை எழுதிக் கொடுக்கச் சொல்கிறேன் என்றும் சொன்னார். அந்தப் பெயர் அவருக்கு எப்படித் தெரியும் என்று அத்தான் திடுக்கிட்டார். சொல்லிவிட்டு மேடம் படியிறங்கினார்.

அடுத்த ஞாயிறு மத்தியானம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அக்கா சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தான் சாப்பாட்டு மேசையில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கையால் வளைத்து மறைத்துக்கொண்டு, பரீட்சையில் பக்கத்துப் பையனுக்குக் காட்டாதவன்போல எதையோ எழுதிக்கொண்டிருந்தார். தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன்; ஒரு சின்ன மனிதனை வரைந்திருந்தார். அவனுக்கு முதலில் தொப்பை இருந்திருக்கிறது. அதை அழித்த தடம் தெரிந்தது. அவனிடமிருந்து ஓர் அம்புக்குறி புறப்பட்டு, பெட்டகத்தைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது.

என் பக்கம் திரும்பாமலே, “உங்க அக்கா எழுந்துட்டாளா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.

அவர் கையை நகர்த்தியபோது முதல் வரி தெரிந்தது. ‘முதலில், நீங்கள் வெளியே நிற்கவும்.’ அதன் கீழே, முட்டி மடங்காதவர்கள் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பத்தி. அதன் கீழே, தண்ணீர் குடிப்பது பற்றி ஒரு பத்தி. எழுத்து அதற்குள் பக்கத்தின் அடிக்கு வந்துவிட்டது. அத்தான் பென்சிலைக் கடித்தார். தூங்குகிற அக்காவை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, அடியில் கிடைத்த சின்ன இடத்தில் பொடி எழுத்தில் எழுதினார்:

‘தொடர்ச்சி இரண்டாம் பக்கத்தில்.’